சி.வி.டி. கார் ஜெர்க் அடிக்குதா? நம்ம கொங்குப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி என்று எங்கே பார்த்தாலும் இப்போது கிளட்ச் பெடல் இல்லாத கார்தான். அதில் சி.வி.டி., அதாவது படிப்படியான கியருக்குப் பதிலாகப் புல்லியும் பெல்ட்டும் வைத்த கியர்பாக்ஸ், உள்ள வண்டிகளும் கணிசம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி வெட்டி வெட்டிப் போகிறது என்று பட்டறைக்கு வருபவர்கள் இறங்கியதும் கேட்பது, "கியர்பாக்ஸ் போச்சுங்களா?" என்பதுதான். பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு வருகிறவரிடம் கியர்பாக்ஸை இறக்கச் சம்மதம் வாங்குவது ரொம்ப சுலபம். அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

ஏனுங்க, என்னுது சி.வி.டி. தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இங்கேயே பாதிப் பேர் தப்பாக ஆரம்பிக்கிறார்கள். வேகன் ஆர், ஸ்விஃப்ட், டியாகோ போன்ற வண்டிகளில் வருவது ஏ.எம்.டி. அது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு மோட்டார் செய்கிறது. ஒவ்வொரு கியர் மாறும்போதும் தலை ஒருமுறை முன்னால் போய் வருவது அதன் பிறவிக் குணம். அதற்கு வைத்தியம் கிடையாது, பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஹோண்டா சிட்டி, எலிவேட், அமேஸ் ஆட்டோமேட்டிக் பெட்ரோல் என்றால் சி.வி.டி. ஹூண்டாய், கியா வண்டிகளில் ஐ.வி.டி. என்று எழுதியிருந்தால் அதுவும் சி.வி.டி.தான், பெயர் மட்டும் வேறு. மேக்னைட், கைகர் இரண்டிலும் டர்போ இன்ஜினுக்கு சி.வி.டி., டர்போ இல்லாததற்கு ஏ.எம்.டி. பலேனோவில் 2022 வரை சி.வி.டி. வந்தது, அதற்குப் பிறகு ஏ.எம்.டி. இன்னோவா ஹைக்ராஸ் சாதாரணப் பெட்ரோல் சி.வி.டி.; ஹைப்ரிட்டில் இ-சி.வி.டி. என்று போட்டிருந்தாலும் உள்ளே பெல்ட்டே கிடையாது. கீழே சொல்வது எதுவும் ஹைப்ரிட்டுக்குப் பொருந்தாது.

உள்ளே என்னதான் நடக்குது?

பழைய லேத் மெஷின் பார்த்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். லேத்தில் படிப்படியாக இருக்கும் கோன் புல்லியில் பெல்ட்டை ஒரு படியிலிருந்து இன்னொரு படிக்கு மாற்றினால் வேகம் மாறும், சி.வி.டி.யில் அந்தப் படிகள் இல்லை. இரண்டு புல்லிகள், ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக இருக்கும். ஆயில் அழுத்தத்தில் அந்தப் பாதிகள் நெருங்கும், விலகும். நடுவில் இருக்கும் பெல்ட் மேலே ஏறும், கீழே இறங்கும். வீட்டில் ஆக்டிவா நின்றால் அதற்குள்ளும் இதே தத்துவம்தான். ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட், காரில் இரும்பு பெல்ட் அல்லது இரும்புச் செயின்.

கவனிக்க வேண்டியது ஒன்று: இரும்பு பெல்ட் இரும்புப் புல்லியை வெறும் அழுத்தத்தாலும் ஆயிலின் குணத்தாலும்தான் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிக்கு முன்னால், இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், பல வண்டிகளில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கும்; இன்ஜின் சுற்றுவதை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது அது. அதற்குள் லாக்-அப் கிளட்ச் என்று ஒன்று, அது பிடித்தால் இரண்டும் நேரடியாக இணைந்து சுற்றும். ஜெர்க் என்று வரும் வண்டிகளில் புல்லியைவிட இந்த லாக்-அப் கிளட்சும், அதைவிட இன்ஜின் பக்கமும்தான் அதிகம் மாட்டுகின்றன.

எது இயல்பு, எது கோளாறு?

ஆக்சிலரேட்டரை அழுத்தினதும் இன்ஜின் கத்துகிறது, வேகம் ஒரு நொடி கழித்து வருகிறது என்றால் அது சி.வி.டி.யின் இயல்பு. முழுசாக மிதித்தால் ஆர்.பி.எம். முள் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, கியர் மாறுவதுபோல் காட்டுவதும் பல கம்பெனிகள் வேண்டுமென்றே எழுதி வைத்த புரோகிராம்தான். காலையில் முதல் இரண்டு மூன்று நிமிடம் கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் கவலை வேண்டாம்.

இன்னொன்றையும் கோளாறு என்று கொண்டுவருவார்கள். திருப்பூரில் டவுன் பஸ் சடாரென்று குறுக்கே ஒடித்து நிற்கிறது, நீங்கள் பிரேக்கை அழுத்தி நிறுத்துகிறீர்கள், மறுபடி எடுத்தால் வண்டி சோம்பலாக நகர்ந்து பிறகு ஒரு இழுப்பு இழுக்கிறது. புல்லி சுற்றிக்கொண்டிருந்தால்தான் பெல்ட் இடம் மாற முடியும். திடீரென்று நின்றதால் பெல்ட் முதல் கியருக்குச் சமமான இடத்துக்கு வந்து சேர நேரம் கிடைக்கவில்லை. எப்போதாவது நடந்தால் விட்டுவிடுங்கள். மெதுவாக நிறுத்தினாலும் ஒவ்வொரு சிக்னலிலும் இப்படி என்றால் பார்க்க வேண்டியதுதான்.

மெக்கானிக்கிட்ட என்னன்னு சொல்றதுங்க? "ஜெர்க் அடிக்குது"ன்னா போதாதா?

போதாது. எப்போது அடிக்கிறது என்று சொல்ல வேண்டும். அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரின் வண்டியில் பாதி வேலை பானெட்டைத் திறக்கும் முன்பே முடிந்துவிடும்.

சிக்னலில் நின்று எடுக்கும்போது மட்டும் என்றால் நான் முதலில் பார்ப்பது இன்ஜினைத் தாங்கும் இன்ஜின் மவுன்ட். ரப்பர் கிழிந்திருந்தால் டி-யில் போட்டவுடனேயே ஒரு "டொக்" கேட்கும். ஆர்-க்கும் டி-க்கும் மாற்றும்போது இன்ஜின் எழுந்து உட்காருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்தது த்ராட்டில் பாடி, இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தகட்டால் கட்டுப்படுத்தும் பாகம். அவிநாசி ரோடு நெரிசலில் மணிக்கணக்கில் ஊர்ந்த வண்டிகளில் அந்தத் தகட்டின் ஓரமெல்லாம் கரி படிந்திருக்கும். லேசாக மிதிக்கும்போது காற்று ஒழுங்காகப் போகாமல் வண்டி தயங்கித் தயங்கிப் பாயும். சுத்தம் செய்து ஐடில் ரீலேர்ன் கொடுத்தால், அதாவது கம்ப்யூட்டருக்கு அந்தத் தகட்டின் கணக்கை மறுபடி பழக்கினால், வேலை முடிந்தது.

மேடு ஏறும்போது, ஓவர்டேக் எடுக்கும்போது, அதிகம் மிதிக்க மிதிக்க வெட்டு அதிகமாகிறது என்றால் அது பெரும்பாலும் மிஸ்ஃபையர், அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், சில சமயம் பெட்ரோல் பம்ப். இன்ஜின் விளக்கு கண் சிமிட்டினால் அப்போதே காலை எடுத்துவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சூட்டில் பாழாக்கிவிடும். நின்று எரியும் விளக்குக்கும் சிமிட்டும் விளக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

மிதித்தால் ஆர்.பி.எம். மட்டும் எகிறுகிறது, வண்டி நகர மறுக்கிறது, பிறகு சடக்கென்று பிடிக்கிறது: இதுதான் நிஜமாகவே பயப்பட வேண்டிய வகை. பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தமாகலாம். ஓட்டிப் பார்க்காமல் கொண்டுவாருங்கள்.

முழுசாக ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது "டக் டக்" சத்தம், அல்லது நேர் ரோட்டில் மிதித்தால் முன்பக்கம் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். கியர்பாக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் கியர்பாக்ஸ் எஸ்டிமேட்டோடு வருகிறவர்கள் உண்டு.

முப்பது, நாற்பதில் நிதானமா போகையில டட்டட்டட்னு அதிருதுங்க. அது என்ன?

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சி.வி.டி. வண்டிகளில் வரும் முக்கியமான குறை இது. ஆக்சிலரேட்டரில் கால் லேசாக இருக்கும்; வண்டி இருபதிலிருந்து அறுபதுக்குள் போய்க்கொண்டிருக்கும்; தரையிலும் சீட்டிலும் ஒரு நடுக்கம் வரும். ரோட்டில் உப்பலாக வெள்ளைப் பட்டை போட்டிருக்கிறார்களோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள்.

லாக்-அப் கிளட்ச் முழுசாகப் பிடிக்காமலும் முழுசாக விடாமலும் தடுமாறுவதால் வருவது இது. சோதித்துப் பார்ப்பது எளிது. நடுங்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள், அதுவும் சேர்ந்து துடிக்கும். காலை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள். லாக்-அப் விட்டுவிடும், நடுக்கம் சட்டென்று நின்றுவிடும். மிஸ்ஃபையர் என்றால் நேர் எதிர், அழுத்தினால் கூடும். இந்த ஒரு சோதனையைக் காலியான ரோட்டில், பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவரை முள்ளைப் பார்க்கச் சொல்லிச் செய்யுங்கள். ஓட்டுகிறவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

லாக்-அப் நடுக்கம் ஆரம்ப நிலையில் இருந்தால் பல வண்டிகளில் சரியான ஆயிலை மாற்றினாலே போய்விடுகிறது. போகாவிட்டால் அடுத்து சாஃப்ட்வேர் அப்டேட், அதற்கும் அடுத்துதான் வால்வ் பாடி (ஆயில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்), டார்க் கன்வெர்ட்டர். இந்த வரிசையைத் தலைகீழாக யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆயில் மாத்தினா உண்மையிலேயே சரியாயிடுமா? லைஃப் டைம் ஆயில்னு சொன்னாங்களே?

யாருடைய ஆயுள் என்று திருப்பிக் கேளுங்கள். ஓனர் மேனுவலில் கடுமையான பயன்பாடு என்று ஒரு பகுதி இருக்கும்: வெயில், நெரிசல், மலை, தூசி. ஏப்ரல் மாதத்தில் ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஊர்ந்து, வார இறுதியில் ஏற்காடு ஏறும் வண்டி இதில் வராமல் வேறு எது வரும்? நான் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வேன். உங்கள் மேனுவல் அதைவிடக் குறைவாகச் சொன்னால் மேனுவல்தான் சரி.

ஆயிலைப் பார்த்தே நிறையச் சொல்லலாம். வடித்த ஆயிலில் ஒரு சொட்டும் புது ஆயிலில் ஒரு சொட்டும் ஒரே வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் விடச் சொல்லுங்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பழையது கொஞ்சம் கறுத்திருப்பது பரவாயில்லை. தீய்ந்த வாடை வந்தால் சூடு அதிகமாகியிருக்கிறது. பிறகு கியர்பாக்ஸின் அடித்தட்டை (ஆயில் பேன்) கழற்றினால் அடியில் சின்னக் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் விபூதியைக் குழைத்தது போன்ற சாம்பல் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நைசாக இருக்கும். அதிலேயே வெயிலில் மின்னும் சின்னச் சின்ன இரும்புச் சீவல்கள் இருந்து விரலில் குத்தினால், பெல்ட்டோ புல்லியோ அரைபட்டிருக்கிறது. அப்போது ஆயில் மாற்றுவது தற்காலிகம்தான். இதை நேரில் நின்று பாருங்கள், பார்க்கவிடாத இடத்தில் கொடுக்காதீர்கள்.

ஒருமுறை வடித்தால் எல்லா ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் பாதைகளிலும் கணிசமாக நின்றுவிடும். அதனால் மோசமாக இருந்தால் மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றச் சொல்வேன். அளவு பார்ப்பதும் இன்ஜின் ஆயில் மாதிரி இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி மட்டமாக நிற்க, ஆயிலின் சூடு குறிப்பிட்ட எல்லைக்குள் இருக்கும்போது (பல வண்டிகளில் 35 முதல் 45 டிகிரி) பார்க்க வேண்டும். ஸ்கேனரில் சூட்டைப் பார்க்காமல் "குத்துமதிப்பா ஊத்திட்டேன் சார்" என்பவரிடம் சி.வி.டி.யைக் கொடுக்கக் கூடாது. அதிகமானால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். இரண்டிலும் பிடி தளரும், மறுபடி ஜெர்க்.

சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊத்திட்டாங்க. பரவாயில்லீங்களா?

பரவாயில்லை என்று விட முடியாது. ஏ.டி.எஃப். எனப்படும் அந்த ஆயில் கிளட்ச் தட்டுகளுக்காகச் செய்தது. சி.வி.டி. ஆயில் இரும்பு மேல் இரும்பு வழுக்காமல் பிடிப்பதற்காகச் செய்தது. ஓட்டாமல் வடித்துவிட்டு, உங்கள் கம்பெனி சொல்லும் சரியான ஆயிலை ஊற்றி, மறுபடி ஒருமுறை வடித்து ஊற்றுங்கள். ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப்.-2, நிஸானுக்கு என்.எஸ்.-3 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. ஜெர்க்கை நிறுத்தும் மந்திர பாட்டில் என்று கடையில் விற்பதை ஊற்ற வேண்டாம்.

பேட்டரி மாத்தினதுல இருந்து குலுங்குது.

பேட்டரியைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த த்ராட்டில் கணக்கை மறந்திருக்கும். சில நாள் ஓட்டினால் தானே சரியாகலாம். இல்லையென்றால் ஸ்கேனரில் ரீலேர்ன் கொடுங்கள். பேட்டரி டெர்மினல் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பெட்ரோல்ல எத்தனால் கலக்கறதால வருதுங்களா?

பெட்ரோல் போட்ட பிறகு ஆரம்பித்து, அடுத்த டேங்க் வேறு பங்கில் போட்டதும் நின்றால் பெட்ரோல்தான் காரணம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் மிஸ்ஃபையர் வரும். ஆனால் மாசக்கணக்கில் தொடரும் குலுக்கலுக்கு எத்தனாலைக் குறை சொல்லிவிட்டுப் பிளக்கைக் கழற்றாமல் விடாதீர்கள்.

வால்பாறை ஏறும்போது பாதியில பிக்கப்பே இல்லாம போயிடுச்சு. இறங்கும்போது ஒண்ணுமில்லை.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27. கொல்லிமலைக்கு 70. இவற்றில் லாரிக்கோ பஸ்ஸுக்கோ பின்னால் மாட்டி, ஏழு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகாது. முழு நேரமும் ஆயிலைக் கடைந்துகொண்டே இருக்கும். காற்றும் படாது. சூடு எல்லை தாண்டியதும் கம்ப்யூட்டர் தானாகவே இன்ஜின் சக்தியைக் குறைக்கும். கெட்டுப்போனது ஒன்றுமில்லை, காப்பாற்றிக்கொள்கிறது.

அப்படி நடந்தால் அகலமான இடத்தில் ஒதுக்கி, பி-யில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் ஐடிலில் விடுங்கள். அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும், குளிர்வதற்கு வழியில்லை. ஏறும்போதே லாரிக்கு இடைவெளி விட்டு, நின்று நின்று எடுப்பது நல்லது. மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துவது நம்ம ஊர் டிரைவர்களின் பெருமை. கிளட்ச் வண்டியிலேயே கெடுதல், இதில் இன்னும் கெடுதல். கியர் லீவரில் எல் அல்லது எஸ் இருந்தால் ஏறவும் இறங்கவும் பயன்படுத்துங்கள். இறக்கத்தில் மைலேஜுக்காக என்-னில் போடுவதை இன்றோடு விடுங்கள். அந்தச் சில்லறைக்காக இன்ஜின் பிரேக்கை இழக்கிறீர்கள்.

குடும்பத்தோடு ஏறும்போது டிக்கியில் தேங்காய் மூட்டையும் வேண்டாம்.

ஒரே மலையில், லாரி எதுவும் முன்னால் இல்லாமலே, ஒவ்வொரு தடவையும் இது நடந்தால் ஆயில் பழசாகியிருக்கலாம், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர் அடைத்திருக்கலாம்.

லங்கா கார்னர் பாலத்துக்கடியில தண்ணிக்குள்ள போயிட்டேன். அதுக்கப்புறம் ஜெர்க்.

மழை பெய்தால் அங்கே தேங்குவது கோவைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் யாராவது இறங்குகிறார்கள். கியர்பாக்ஸின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் போயிருந்தால் ஆயில் பால் கலந்தது போல் மாறியிருக்கும். அது உறுதியாகும் வரை ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டின் பசையைத் தண்ணீர் ஊறவைத்துவிடும், பிறகு ஆயில் மாற்றினாலும் மிஞ்சாது. தண்ணீர் போகவில்லை என்றால் காயில், வயர் இணைப்புகளில் ஈரம் ஏறியிருக்கலாம். அது சின்ன வேலை.

கியர்பாக்ஸை இறக்கணும்னு சொல்றாங்க. லட்சத்துக்கு மேல ஆகுமாம். என்ன பண்றது?

மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள். ஸ்கேனரில் என்ன கோளாறுக் குறியீடு (கோட்) வந்தது என்று எண்ணோடு வேண்டும். பி0300-லிருந்து பி0304 வரை என்றால் அது இன்ஜின் மிஸ்ஃபையர், கியர்பாக்ஸைத் தொடவே வேண்டாம். பி0741 என்றால் லாக்-அப் பக்கம். பி0746, பி0776 என்றால் அழுத்தக் கட்டுப்பாடு. வால்வ் பாடியிலேயே முடியலாம். அடுத்து, ஆயிலும் காந்தமும் எப்படி இருந்தன என்று போட்டோ. பிறகு, வால்வ் பாடியை மட்டும் மாற்ற முடியாது என்பதற்குக் காரணம். இந்த மூன்றும் வராமல் "எல்லாத்தையும் மாத்தினாத்தான் சரியா வரும்" என்று மட்டும் பதில் வந்தால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள். வாரண்டி மிச்சம் இருந்தால் வெளியே கழற்றவே விடாதீர்கள். ஆயில் மாற்றிய பில் எல்லாம் எடுத்து வையுங்கள்.

பழைய சி.வி.டி. கார் வாங்கலாமுங்களா?

வாங்கலாம். வண்டி ஆறியிருக்கும்போது, காலையில், நீங்களே சாவி போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் வேறு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். மருதமலை, சென்னிமலை மாதிரி பக்கத்தில் இருக்கும் ஒரு மேட்டில் ஏற்றுங்கள், மேட்டிலேயே ரிவர்ஸ் எடுங்கள், பிறகு நாற்பதில் கால் லேசாக வைத்து ஓட்டுங்கள். ஆயில் மாற்றிய பில் இல்லாத வண்டிக்கு அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

வழியில நின்னுட்டா கயிறு கட்டி இழுக்கலாமா?

முன் சக்கரங்கள் தரையில் உருண்டபடி இழுக்கக் கூடாது. இன்ஜின் நின்றிருந்தால் ஆயில் பம்பும் ஓடாது. சக்கரத்தோடு சேர்ந்து உள்ளே சுற்றுவது எல்லாம் உலர்ந்தே சுற்றும். சத்தியமங்கலத்திலிருந்து கோபி வரைக்கும்தானே என்று இழுத்து வந்த தூரத்திலேயே நல்ல கியர்பாக்ஸ் கெட்டுப்போகலாம். முழு வண்டியையும் ஏற்றிச் செல்லும் ஃபிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள். அது கிடைக்காவிட்டால் முன் சக்கரம் இரண்டையும் தூக்கி, பின் சக்கரம் உருள, ஹேண்ட் பிரேக்கை விட்டு இழுக்கச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸில் ரோட்சைட் உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியை எடுத்துப் பாருங்கள். இருந்தால் அந்த போன் நம்பரை டேஷ்போர்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.